‘கலவையான வரவேற்பு’ என்பது போதுமா?

மதிப்புக்குரிய சொற்பட்டியல் குழுமத்தாருக்கு,

அமெரிக்க இசைக்கலைஞர் கான்யே வெஸ்ட் 2008 நவம்பரில் வெளியிட்ட ‘808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்’ இசைத்தொகுப்பைப் பற்றிய கட்டுரையொன்றை எழுதிவருகிறேன். அதற்குக் ‘கலவையான வரவேற்பு’ கிடைத்தது என்று எழுதிவிட்டு, அந்த வாக்கியத்தைத் தாண்ட முடியாமல் இரண்டு நாளாக நிற்கிறேன். தாயை இழந்த மறு ஆண்டில், சொல்லிசையால் (ராப்) பெயர்பெற்ற ஒருவர் சொல்லிசையையே பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, தம் குரலைச் சுருதி திருத்தும் மென்பொருளான ஓட்டோடியூனில் தோய்த்து, 1980இல் வெளிவந்த ரோலண்ட் டிஆர்-808 தாளக் கருவியின் ஒலியோடு ஒரு தொகுப்பைப் பாடி முடித்தார். பாடத் தெரியாதவரின் வறண்ட புலம்பல் என்று சிலர் தள்ளினர். துக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான குரல் இல்லை என்று சிலர் கொண்டாடினர். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்தில் நுழைந்தது என்பது வேறு கதை.

இதைக் கலவை என்பது தகுமா? இலங்கையின் ஊவா மலைப்பகுதியில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றில் விளையும் கொழுந்துக்கு ஒரு தனிமணம் உண்டு. அத்தேயிலையைக் கொழும்பில் மற்றவற்றோடு கலக்கும்போது அந்த மணம் அடங்கி, எல்லாருக்கும் ஒத்துவரும் நடுத்தரமான சுவை பிறக்கிறது. ‘நாலு பாட்டு நல்லது, மற்றவை சுமார்’ என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னால் அது கலவை. இங்கோ கேட்டவர்கள் இரு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள்.

‘இருதுருவ வரவேற்பு’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அது ஏற்கனவே உளநோயொன்றின் பெயரில் வழங்குகிறது. இக்கலைஞரே தமக்கு அந்நோய் இருப்பதாக 2018இல் வெளிப்படையாகச் சொன்னவர் என்பதால், இவரைப் பற்றிய கட்டுரையில் அச்சொல் நோயைத்தான் சுட்டும்.

ஆகவே ‘இருகட்சி வரவேற்பு’ என்பதை முன்வைக்கிறேன். மாசியில் காமன் கூத்து ஆடுகிற நமக்கு மன்மதன் கதை புதிதன்று. தமிழ்நாட்டில் லாவணி என்னும் வாதப்பாட்டில் அவன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறு கட்சியும் விடிய விடியப் பாடுவார்கள். வழக்காடும் தரப்பு என்ற பொருள் ‘கட்சி’ என்ற சொல்லில் முன்பே இருக்கிறது.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

கலவை பற்றித் தாங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தொழிற்சங்கமும் கட்சியும் பிரித்தறிய முடியாதபடி கிடக்கும் மலையகத்தில், ‘இருகட்சி’ என்றதும் வாசகருக்குச் சங்கச் சந்தாப் பணந்தான் நினைவுக்கு வரும். ‘வரவேற்பு’ என்பதும் இடறுகிறது. தள்ளியவர்கள் எதை வரவேற்றார்கள்? மேலும், இத்தொகுப்பில் பங்களித்த சொல்லிசைக் கலைஞர் கிட் கடியும், பின்னர் வந்த சொல்லிசைக் கலைஞர் டிரேக்கும் இந்தப் பாணியைப் பரவலாக்கிய பிறகு, அன்று தள்ளியவர்கள் பலர் கொண்டாடும் பக்கம் வந்துவிட்டனர். ‘இரு’ என்று எண்ணிட்டுக் கட்டிய சொல் இந்த நகர்வைக் காட்டாது.

பண்டாரவளையிலிருந்து

*

அம்மா,

சந்தாப் பணத்துக்கு என்னிடம் விடையில்லை, நானும் கட்டியவன்தான். மற்ற இரண்டையும் ஏற்றுச் சொல்லை மாற்றுகிறேன்: ‘கட்சிபிரி எதிர்வினை’. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. பிரிந்த, பிரிகின்ற, பிரியும் என்று முக்காலத்துக்கும் பொருந்துவதால், தாங்கள் சொன்ன நகர்வுக்கும் இடமிருக்கிறது. வினையாகவும் இயல்பாக வரும்: ‘அத்தொகுப்பைக் கேட்டவர்கள் கட்சி பிரிந்தார்கள்.’ எல்லாரும் அரைமனதாக ஏற்ற படைப்புக்குக் ‘கலவையான எதிர்வினை’ என்பதை வைத்துக்கொள்வோம். சொற்பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாக இடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.