பாரிஸ் டிஸ்னிலேண்டுக்குச் சிக்கனமாகக் குடும்பத்துடன் செல்வது எப்படி?

கேள்வி: நானும் கணவரும் ஆறு வயது மகளுடனும், விரைவில் மூன்று வயது நிறைவடையவுள்ள மகனுடனும் பாரிஸ் டிஸ்னிலேண்டுக்குச் செல்ல விரும்புகிறோம். செலவு கைமீறாமல் இருக்க எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

முதல் மறுமொழி: தேதியைத்தான், சகோதரி. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால், மகனின் பிறந்தநாளுக்கு முன்பே சென்றுவிட்டால் ஒரு சீட்டின் விலை அப்படியே மிச்சமாகும். கட்டணம் நாளுக்கு நாள் மாறும். பிரான்சில் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை மூன்று மண்டலங்களாகப் பிரித்து வெவ்வேறு வாரங்களில் விடப்படுவதால், பிப்ரவரியில் பல வாரங்களுக்குக் கூட்டம் குறையாது; அந்தக் காலத்தைத் தவிர்ப்பதே நல்லது.

இரண்டாம் மறுமொழி: பூங்காவின் விடுதிகளிலேயே தங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பூங்காவுக்கு ஒரு ரயில் நிறுத்தம் முன்னால் உள்ள வால் டியூரோப் பகுதியில் சமையலறையுடன் கூடிய அறைகள் கிடைக்கின்றன; சிறு பிள்ளைகளுடன் செல்வோருக்கு அது பெரிய நிம்மதி என்பேன். பாரிஸ் நகரிலிருந்து ஆர்.இ.ஆர். ஏ என்னும் புறநகர் ரயில் பூங்காவின் வாசலுக்கே செல்வதால் டாக்சி தேவையில்லை.

மூன்றாம் மறுமொழி: பூங்காவில் உள்ள பிக் தண்டர் மவுண்டன் என்னும் ரோலர் கோஸ்டர் ரயிலில் ஏற 102 செ.மீ. உயரம் வேண்டும்; மகனால் பெரும்பாலும் ஏற முடியாது. ஆனால் பெற்றோரில் ஒருவர் மகளுடன் சென்று திரும்பும்வரை மற்றவர் மகனுடன் காத்திருந்து, பிறகு மீண்டும் முழு வரிசையில் நிற்காமலேயே ஏறும் வசதி உண்டு. அதை அந்த ரோலர் கோஸ்டரின் வாசலில் உள்ள ஊழியரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.