பாகு சுட்ட கைக்கு பி.ஆர்.பி.: எங்கள் அனுபவம்

சாயல்குடிக்காரன்:

பதநீர்க் காலத்தில் எங்கள் பக்கம் தீக்காயம் என்றால் பெரும்பாலும் கருப்பட்டிப் பாகுதான். கொதிநீர் பட்டால் வழிந்துவிடும். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு உள்ளே வேகவைக்கும். மதினிக்கு முன்னங்கை முழுவதும் அப்படித்தான் ஆனது. கலயத்துக்குத் தடவும் சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு ஓடிவந்தவரை மதினியின் அம்மா விரட்டிவிட்டு, காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த குடிநீரைக் குடம் குடமாகக் கையில் ஊற்றினார். வீக்கம் ஏறுவதற்குள் வளையல்களையும் கழற்றிவிட்டார். இருபது நிமிடமாவது தண்ணீர் காட்ட வேண்டும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் ஊரில் அதற்கும் மனம் வர வேண்டும்!

மதுரையில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். பி.ஆர்.பி., அதாவது பிளேட்லெட் என்னும் ரத்தத் தட்டணு செறிந்த தெளிநீர், என்ற பேச்சு அங்கேதான் வந்தது. மதினியின் ரத்தத்தையே எடுத்து, உறையாமலிருக்க மருந்து கலந்த குழாயில் விட்டு, இயந்திரத்தில் சுழற்றினார்கள். வெளியே வந்தபோது அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் தெளிநீர், நடுவே நூல்போல வெளிறிய ஒரு படலம். அந்தப் படலத்தை ஒட்டித்தான் பிளேட்லெட் செறிந்திருக்குமாம். டெங்கு வந்தால் மட்டும் நாம் எண்ணிப் பார்க்கும் அதே பிளேட்லெட். அது காயத்தில் வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகள் புதுத் தோலையும் புது ரத்தக் குழாய்களையும் வளரத் தூண்டும் என்றார்கள். ஒட்டுத்தோல் வைத்த இடத்திலும், தோல் எடுத்த தொடையிலும் அந்தப் பிளேட்லெட் செறிந்த தெளிநீரைத் தெளித்தார்கள். தொடை சீக்கிரம் காய்ந்தது. அது பி.ஆர்.பி.யால்தானா, தானாகவே அப்படி ஆறியிருக்குமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

கையில் தழும்பு தடிக்காமல் காத்தது இறுக்கமான அழுத்த உறைதான் என்பது என் எண்ணம். கடற்கரைப் புழுக்கத்தில் இரவும் பகலும் அதைப் போட்டிருந்த பொறுமைக்கு மதினியைக் கும்பிட வேண்டும்.

பாம்பன் விசைப்படகு:

எனக்குப் படகு இஞ்சினின் புகைக்குழாய் சுட்டது. ஆறிப் பல வருடமான தழும்புக்குத் தனியார் கிளினிக்கில் நுண்ணூசியால் குத்தி பி.ஆர்.பி. தடவினார்கள். தோல் இளகியது, அரிப்பு குறைந்தது. நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது. புடைத்திருந்த ஓரத்துக்கு இது போதாது என்று மருத்துவரே சொல்லி, ஸ்டீராய்டு ஊசியும் சிலிகோன் பட்டையும் கொடுத்தார். விளம்பரத்தில் காட்டும் ‘முன்–பின்’ படத்தை நம்பிப் போகாதீர்கள்.

கீழக்கரை செவிலி:

சாயல்குடி அண்ணன் அடித்துச் சொல்லாதது சரிதான். தீக்காயத்தில் பி.ஆர்.பி. பற்றிய ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. தோலின் முழு ஆழமும் வெந்த பெரிய காயத்துக்கு ஒட்டுத்தோல்தான் வழி. இது துணை மட்டுமே. சீழ் பிடித்த காயத்திலும், பிளேட்லெட் குறைந்தவர்களுக்கும் செய்ய மாட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சொந்த ரத்தம்தானே, என்ன ஆபத்து என்று கேட்கிறார்கள். ஊசியும் குழாயும் புதிதாக இருந்தால்தான் அந்தப் பேச்சு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்கு இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018-இலிருந்து தெரியவந்தது. ஊசியின் உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். குழாயில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சாயல்குடிக்காரன்:

நன்றி தங்கச்சி. மதினி மறுபடி அடுப்படிக்குப் போகலாமா?

கீழக்கரை செவிலி:

புதுத் தோலுக்குச் சூடும் வெயிலும் ஆகாது அண்ணே, கறுத்துப்போகும். இந்தப் பருவம் போகட்டும். வெளியே போனால் முழுக்கைச் சட்டை போடட்டும். தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை அழுத்தி நீவச் சொல்லுங்கள்.