சக்கரம் மாற்றியதும் கப்ளர் கழன்றுகொள்கிறது: 1948 பாக்ஸ்காருக்கு எந்த வீல்செட் சரி?

காலிவேகன்: வணக்கம். என் எச்ஓ (நிஜத்தில் 87.1ல் ஒரு பங்கு அளவு) மாடல் ரயில் லேஅவுட் 1948ஆம் ஆண்டு அமெரிக்காவைக் காட்டுவது. 1937 ஏஏஆர் (அமெரிக்க ரயில்வே சங்கம்) வடிவமைப்பில் வந்த 40 அடி பாக்ஸ்கார் (மூடிய சரக்குப் பெட்டி) ஒன்றின் பிளாஸ்டிக் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கைவசம் கிடந்த உலோக வீல்செட்டை (அச்சோடு சேர்ந்த சக்கர ஜோடி) போட்டேன். ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஏற்றம் தொடங்கும் இடத்தில் பக்கத்துப் பெட்டியோடு இணைக்கும் கொக்கியான கப்ளர் கழன்றுவிடுகிறது. பெட்டி குடிகாரன் மாதிரி ஆடவும் செய்கிறது. இன்னொரு சந்தேகம்: அந்தக் காலச் சக்கரங்களின் பின்பக்கம் வரிவரியாக இருக்கும் என்கிறார்கள். என்னுடையது வழவழப்பு. தப்பா?

பழையபட்டறை: வரியை அப்புறம் பார்ப்போம். வெர்னியர் வைத்து, ஃபிளேஞ்சை (சக்கரத்தின் உள்விளிம்பு) விட்டுவிட்டு, தண்டவாளத்தில் உருளும் பகுதியின் விட்டத்தை மட்டும் அளந்து சொல்லுங்கள்.

காலிவேகன்: 10.5 மி.மீ.

பழையபட்டறை: நினைத்தேன். 87.1ஆல் பெருக்கினால் 914 மி.மீ., அதாவது 36 அங்குலம். அது பின்னால் வந்த 100 டன் பெட்டிகளின் சக்கரம். உங்கள் 50 டன் பாக்ஸ்காருக்கு 33 அங்குலம், மாடலில் 9.6 மி.மீ. ஆரத்தில் 0.44 மி.மீ. கூடியிருக்கிறது, பெட்டியும் கப்ளரும் அவ்வளவு மேலே போய்விட்டன. சமதளத்தில் தாக்குப்பிடிக்கும், ஏற்றத்தில் நழுவும். கப்ளர் உயரம் பார்க்கும் கேஜில் வைத்தால் கண்ணுக்கே தெரியும்.

ஆட்டத்துக்குக் காரணம் அச்சின் நீளமாக இருக்கலாம். ஊசிமுனை அச்சுகளில் 1.015 அங்குலமும் உண்டு, 1.025ம் உண்டு. குட்டையானது போட்டால் போகிக்குள் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) லொடலொடக்கும், நீளமானது போட்டால் இறுகும். கழற்றிய பிளாஸ்டிக் அச்சைத் தூக்கி எறியவில்லையே? அதையும் அளந்து, அதே நீளத்தில் வாங்குங்கள்.

இனி வரிகள். அவை சில்டு அயர்ன் எனப்படும் வார்ப்பிரும்புச் சக்கரங்கள். வார்க்கும்போது தண்டவாளத்தைத் தொடும் பரப்பு இரும்பு வார்ப்புக் கூட்டில் பட்டுச் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி போல் கெட்டியாகிவிடும். தேய்ந்தால் கடைசல் பிடிக்க முடியாது, உருக்கத்தான் வேண்டும். வார்ப்பிரும்பு விரிசல் விடும் குணமுள்ளது, பிரேக் சூடு வேறு. அதனால்தான் பின்பக்கம் வளைந்த விலா எலும்பு மாதிரி வார்த்தார்கள். 1948க்கு வரி வைத்த சக்கரம் கட்டாயம் வேண்டும்.

தண்டவாளம்: “கட்டாயம்” என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1948ல் எஃகுச் சக்கரங்களும் ஓடின, அவற்றின் பின்பக்கம் வழவழப்புதான். வார்ப்பிரும்பைப் புதுப் பெட்டிகளில் நிறுத்தியது 1950களின் கடைசியில். இரண்டு வகையும் கலந்து ஓடிய காலம் அது. நீங்கள் செய்யும் பெட்டியின் படம் கிடைத்தால் எதிர்ப்பக்கச் சக்கரத்தின் உட்புறத்தைப் பாருங்கள், வரி அங்கேதான் தெரியும். என் கணக்கில் டேங்க் காரின் அடிப்பகுதி திறந்து கிடக்கும், அதற்கு வரி வைத்தது அவசியம். பாக்ஸ்காரில் குனிந்து பார்ப்பவனுக்கு மட்டும்தான்.

பழையபட்டறை: சரி, கட்டாயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் குனிந்து பார்ப்பவன் நான்தான். கேடி (Kadee) கம்பெனி இரண்டு வகையும் விற்கிறது, வரி வைத்ததையே வாங்குங்கள்.

காலிவேகன்: கோடு (code) 88 சக்கரம் பார்க்க மெல்லிசாக அழகாக இருக்கிறதே, அதைப் போடலாமா?

தண்டவாளம்: வழக்கமான கோடு 110ன் அகலம் 0.110 அங்குலம், 88ன் அகலம் 0.088. நிஜச் சக்கரத்தை அளவாகச் சுருக்கினால் 0.066தான் வரும், எனவே 88 அழகுதான். ஆனால் பாயிண்ட்ஸில் (தடம் பிரியும் இடம்) தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங்கில் இடைவெளி அதிகமிருந்தால் மெல்லிய சக்கரம் ‘டொக்’கென்று உள்ளே இறங்கும். முதலில் ஒரு பெட்டிக்கு மட்டும் போட்டு எல்லாப் பாயிண்ட்ஸிலும் கையால் தள்ளிப் பாருங்கள்.

காலிவேகன்: ஒரு வாரம் கழித்து வருகிறேன். 33 அங்குலம், வரி வைத்தது, கோடு 110. கப்ளர் கேஜோடு சரியாக நிற்கிறது, ஏற்றத்தில் இருபது சுற்று ஓட்டியும் கழலவில்லை. கழற்றிய பிளாஸ்டிக் அச்சு 1.025 அங்குலம், கைவசம் இருந்து நான் போட்டிருந்தது 1.015. சக்கர முகத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம்?

பழையபட்டறை: அந்தக் காலத்து பேரிங் எண்ணெய்ப் பெட்டியோடு இருந்தது, கசிந்து சக்கர முகத்தில் வழியும். கறுப்பும் பழுப்பும் கலந்த பிசுக்கு நிறம் அடியுங்கள், துரு நிறம் வேண்டாம். உருளும் பரப்பிலும் ஊசிமுனையிலும் பெயிண்ட் படக்கூடாது. அந்த 36 அங்குலத்தை எடுத்து வையுங்கள், 1960களின் 100 டன் ஹாப்பர் (அடியில் திறந்து கொட்டும் சரக்குப் பெட்டி) ஒன்று செய்யும்போது உதவும்.