லாக் டிரைவ் நிரம்பிருச்சு, சர்க்குலர் லாகிங் (பழைய லாக்கைத் தானா கழிக்கிற செட்டிங்) போட்டுரவா?

ராத்திரி_ஷிஃப்ட்: எக்ஸ்சேஞ்ச் 2019 (மைக்ரோசாஃப்ட்டோட மெயில் சர்வர்), ஒரே சர்வர், 280 மெயில்பாக்ஸ். லாக் டிரைவ் 150 ஜிபி. காலைல வந்து பார்த்தா அதுல துளி இடமில்ல, மெயில் டேட்டாபேஸ் டிஸ்மவுன்ட் ஆகி, ஓடாம கிடக்கு. பேக்கப் 11 நாளா ஃபெயில். அலர்ட் போனது வேலையை விட்டுப் போனவரோட மெயில்பாக்ஸுக்கு! மேனேஜர் முதுகுக்குப் பின்னாடியே நிக்கிறாரு.

டிஸ்க்_மன்னன்: யோசிக்காம போடு தம்பி. டேட்டாபேஸ் எப்படியும் கீழதான கிடக்கு. கொஞ்சம் இடம் பண்ணி மவுன்ட் பண்ணிட்டா, பழைய லாக் தானா கழியும்.

பழைய_அட்மின்: போடாதே. மெயில் முதல்ல 1 எம்பி லாக் ஃபைல்கள்ல பதிவாகி, அப்புறம்தான் டேட்டாபேஸுக்குள்ள போகுது. நாளைக்கு டேட்டாபேஸ் கெட்டா, பழைய பேக்கப்பை ஏத்தி, மேல இந்த லாக்கை ஓட்டித்தான் நேத்து வரைக்கும் மீட்கணும். லாக் கழிஞ்சா 11 நாள் மெயில் போச்சு.

டிஸ்க்_மன்னன்: அண்ணே, பேக்கப்பே இல்லாம சர்க்குலர்ல ஓட்டலாம்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லுது.

பழைய_அட்மின்: யாருக்குச் சொல்லுது? டேக் (டிஏஜி, பல சர்வர்ல டேட்டாபேஸ் காப்பி வைக்கிற ஏற்பாடு) போட்டு 4 காப்பி வச்சு, அதுல ஒண்ணை 7 நாள் பின்தங்க விட்டு ஓட்டுறவங்களுக்கு. தம்பிகிட்ட இருக்கிறது ஒத்தை சர்வர்.

டிஸ்க்_மன்னன்: 280 பேர் மெயில் இல்லாம உக்காந்திருக்கும்போது பாடம் எடுக்காதீங்க. வழி சொல்லுங்க.

பழைய_அட்மின்: சரி. இஎஸ்இயூட்டில்ல (எக்ஸ்சேஞ்சோட டேட்டாபேஸ் கருவி) எம்ஹெச் ஸ்விட்ச் போட்டு டேட்டாபேஸ் ஃபைலோட ஹெடரைப் பாரு தம்பி. 'டர்ட்டி ஷட்டவுன்'னு (சரியா மூடாம நின்னுருச்சுன்னு) வந்தா பதறாதே. 'லாக் ரெக்வையர்ட்' வரியில ஒரு வரம்பு இருக்கும், அந்த ஃபைல்களைத் தொடக்கூடாது. அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற ஹெக்ஸ் எண்ணைப் பாரு, ஃபைல் பெயர்ல இருக்கிறது அதுதான். வெளியில இருக்கிற டெசிமலைப் பார்த்துத் தப்பான ஃபைலைத் தூக்குன ஆளு நான்! அந்த வரம்புக்கும் முந்தின லாக்கை வேற டிஸ்குக்கு நகர்த்து. டெலீட் மட்டும் வேண்டாம். மவுன்ட் ஆனதும் முழு பேக்கப் ஓட்டு. காப்பி பேக்கப் லாக்கைக் கழிக்காது, ஃபுல் கழிக்கும்.

கேபிள்_கனகு: ஒரு நாளைக்கு 13 ஜிபிக்கு மேல லாக்னா ஆளுக்குக் கிட்டத்தட்ட 50 எம்பி. கொஞ்சம் அதிகமாத் தெரியலையா? 2013-ல ஐபோனோட ஐஓஎஸ் 6.1 காலண்டர் கோளாறுல இப்படித்தான் லாக் பொங்குச்சு, 6.1.2 வந்துதான் அடங்குச்சு. எந்த போன் சர்வர்கிட்ட ஓயாம கத்துதுன்னு பாருங்க.

டிஸ்க்_மன்னன்: அதை விடுங்க, 2019-க்கு சப்போர்ட்டே 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது.

ராத்திரி_ஷிஃப்ட்: டர்ட்டிதான் வந்துச்சு, தேவைப்பட்டது 7 லாக். 90 ஜிபியை என்ஏஎஸ்ஸுக்கு (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) நகர்த்தி 10:40-க்கு மவுன்ட் ஆச்சு. ஃபுல் பேக்கப் ஓடுது. பேக்கப் டிஸ்கும் நிரம்பித்தான் 11 நாளா ஃபெயிலாம். கனகு அண்ணே, லாக் ஏறுனது போனால இல்ல. அக்கவுன்ட்ஸ்ல பில்லையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஆளாளுக்கு அனுப்புறாங்க.

டிஸ்க்_மன்னன்: பேக்கப் முடிஞ்சதும் சர்க்குலர் போட்டுரு, நிம்மதி.

பழைய_அட்மின்: மறுபடியும் முதல்லேருந்தா? தம்பி, அலர்ட் இப்ப யாருக்குப் போகுது?

ராத்திரி_ஷிஃப்ட்: ஐயோ. இருங்க, மாத்திட்டு வரேன்.