புதுப்பிப்பு: கண்ணாடியோடு ஒட்டிய அம்மாயி போட்டோ

கோத்தகிரியில் அம்மாயி வீட்டுச் சுவரில் இருக்கும் குடும்பப் போட்டோ, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதே, எப்படி எடுப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். ‘பிரிக்காதீங்க’ என்றீர்கள் பலரும். நல்லவேளை, கேட்டேன்.

கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுத்தாயிற்று. இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு. லென்ஸ் நுழைய ஓட்டை போட்ட கறுப்புத் துணியை கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டேன் (கிழிந்த குடைத்துணிதான்). என் முகம் கண்ணாடியில் விழவே இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தால், பெரிய மாமாவின் சட்டை தோளை விட்டு இறங்கி நிற்கிறது. “அது பக்கத்து லயத்துல வாங்குன இரவல் சட்டை. பாஸ்போட்டுக்குப் படம் புடிக்கணும்னாங்க” என்றது அம்மாயி (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு). நான் இத்தனை நாள் ஏதோ கல்யாணத்தில் எடுத்தது என்றே நினைத்திருந்தேன்.

இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில், இரு நாடுகளும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்னது 5,25,000 பேரை. அதில் போட்டோவில் இருக்கும் இந்த ஆறு பேர். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரித் தேயிலைக்கே வந்து சேர்ந்தார்கள்.

“ஊர்ல இப்ப மழையா இருக்கும்” என்று அம்மாயி இன்றும் சொல்வது இலங்கை மலையகத்து ஊரான அட்டனைத்தான். அதை எப்படிப் படமெடுப்பது என்று பிடிபடவில்லை. அதனால் அடுத்த தடவை கேமராவோடு ரெக்கார்டரும் போகிறது.

அப்புறம், அந்தச் சட்டத்தைத் திரும்ப அதே ஆணியில் மாட்டிவிட்டேன். கொஞ்சம் கோணல், முன்பு இருந்த மாதிரியே.