ஹாலுக்கு என்ன நிறம்? படங்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன்

வயலூர்_ரோடு:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி வயலூர் ரோட்டில் வீடு கட்டி முடியும் நிலையில் இருக்கிறோம். 1100 சதுர அடி, இரண்டு படுக்கையறை. பட்டி பார்த்து பிரைமரும் ஒரு கை அடித்தாகிவிட்டது, பத்து நாளில் நிறத்தைச் சொல்லிவிடுங்கள் என்கிறார் பெயின்டர்.

ஹால் மேற்குப் பார்த்தது. பெரிய ஜன்னல் இரண்டு, மூன்று மணிக்கு மேல் வெயில் சோபா வரைக்கும் வந்துவிடும். தரைக்கு ஐவரி நிறத்தில் பளபள டைல்ஸ் போட்டாகிவிட்டது, இனி அதை மாற்ற வழியில்லை. நிலையும் கதவும் தேக்கு. டிவி பக்கத்து அலமாரியின் மேல் ஒட்டுகிற மைக்கா ஷீட் இன்னும் எடுக்கவில்லை.

ஆறு மாதமாக பின்ட்ரஸ்டிலும் இன்ஸ்டாவிலும் படம் சேர்த்து வைத்திருக்கிறேன், நானூறுக்கு மேல் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு. சாம்பல் சுவர், வெள்ளை சோபா என்று ஒரு பக்கம், கரும்பச்சைச் சுவரும் பித்தளை விளக்கும் என்று இன்னொரு பக்கம், எதையும் எதோடும் சேர்க்க முடியவில்லை. கணவர் வீடு முழுக்க வெள்ளையே போதும் என்கிறார். மாமியாருக்கு மஞ்சள் வேண்டும், மங்களகரமாக இருக்கும் என்கிறார்கள்.

முன்னால் இருந்த வாடகை வீட்டில் ஒரு படத்தைப் பார்த்துப் படுக்கையறைக்குச் சாம்பல் அடித்தோம். கடையில் ஷேட் கார்டில் பார்த்தபோது நல்ல சாம்பல். சுவரில் ஏறியதும் ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தது. மூன்று வருடம் அதற்குள்தான் தூங்கி எழுந்தேன், ஒரு நாளும் மனசுக்கு ஒட்டவில்லை. இது சொந்த வீடு, அந்தத் தவறு திரும்பவும் நடக்கக் கூடாது. நீங்கள் உங்கள் வீட்டுக்கு நிறத்தை எங்கிருந்து எடுத்தீர்கள், எப்படி முடிவு செய்தீர்கள் என்று சொல்லுங்களேன்.

கண்டாங்கி:

தோழி, அந்த நானூறு படங்களும் எந்த ஊரில் எடுத்தவை என்று ஒரு தடவை பாருங்கள். வெள்ளைச் சுவர், வெளிர் மரத் தரை, சாம்பல் சோபா என்று வருபவை பெரும்பாலும் ஸ்வீடன், டென்மார்க் பக்கத்து வீடுகள், இல்லையென்றால் அவற்றைப் பார்த்துச் செய்தவை. ஸ்டாக்ஹோம் 59 பாகை வடக்கில் இருக்கிறது, டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான். வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் அறை முழுக்கப் பரப்ப அவர்களுக்கு வெள்ளை தேவைப்படுகிறது. திருச்சி 11 பாகைக்கும் கீழே. நமக்குக் கண் கூச்சம்தான் தொல்லை, அதுவும் உங்களுடையது மேற்கு ஹால், பளபளத் தரை. வடக்குப் பார்த்த அறை வெயிலே படாமல் இருக்கும், அதற்குச் சூடான நிறம் கொடுங்கள் என்று அந்த ஊர் ஆட்கள் எழுதுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்தில் ஏப்ரல் இருபது வாக்கிலிருந்து ஆகஸ்ட் இருபது தாண்டும் வரை உச்சி வேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது, வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும்.

நிறத்தை பீரோவில் தேடுங்கள் என்பேன். அடிக்கடி கட்டுகிற, மனசுக்குப் பிடித்த புடவைகள் ஆறேழு எடுத்து, நாலு மணிக்கு அந்த ஹால் தரையில் விரித்துப் போடுங்கள். அவை எல்லாம் நம் ஊர் வெளிச்சத்தில், நீங்களே தேர்ந்தெடுத்த நிறங்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வரலாம், எவ்வளவு வரலாம் என்பதை நெசவுக்காரர்கள் நமக்கு முன்னாலேயே யோசித்து முடித்திருக்கிறார்கள். அரக்கு உடலுக்குக் கிளிப்பச்சைக் கரை வைத்த காஞ்சிபுரப் பட்டைப் பாருங்கள், அரக்கு அகலமாகப் பரவியிருக்கும், பச்சை ஒரு சாண் இருந்தால் அதிகம், இரண்டும் சேருமிடத்தில் நூலாய் ஒரு ஜரிகை. இன்டீரியர்காரர்கள் முக்கிய நிறம் அறுபது சதவீதம், துணை நிறம் முப்பது, எடுப்பான நிறம் பத்து என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். உடல், கரை, ஜரிகை என்று நினைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு தானாகப் புரியும்.

எங்கள் வீடு காரைக்குடியில். அம்மாவின் பழைய கண்டாங்கிப் புடவை ஒன்றை வைத்துத்தான் ஹாலை முடிவு செய்தோம். கடுகு மஞ்சள் உடல், செங்கல் சிவப்புக் கரை, இடையில் மெல்லிய கறுப்புக் கட்டம். அந்தக் கடுகு மஞ்சளை அப்படியே சுவரில் ஏற்றியிருந்தால் கண்ணை அடித்திருக்கும். நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்று வாங்கித் திருப்பிப் போடும், அதனால் அட்டையில் பார்த்ததைவிட அறைக்குள் எந்த நிறமும் தூக்கலாகத்தான் தெரியும். அதனால் அதே மஞ்சளில் நன்றாக இறங்கி, கடலை மாவைத் தண்ணீரில் கரைத்தால் வருமே, அந்த நிறத்துக்கு வந்தோம். செங்கல் சிவப்பு மெத்தை உறைகளிலும் ஒரு தாழ்வான அலமாரியிலும் மட்டும். கறுப்பு ஜன்னல் கம்பிகளுக்குப் போனது. எட்டு வருடம் ஆகிறது, இன்னும் அலுக்கவில்லை.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் எங்கள் பக்கத்து ஆத்தங்குடிக்கு வந்து தரைக்கல் செய்வதைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரைத்த சிமெண்டு நிறத்தை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, அச்சைத் தூக்குவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று ஓடாமல் அப்படியே நிற்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள், சூளையே கிடையாது. கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. பழைய கற்களில் எந்தச் சிவப்பை எந்தப் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தாலும் சண்டை போடாமல் இருப்பதற்கு ஆக்சைடு நிறங்களுக்கு உள்ள மண் சாயல்தான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் தரை முடிந்துவிட்டது, ஆனால் பூஜை அறைக்கோ திண்ணைக்கோ இருபது கல் வாங்கலாம். ஆசிட் மட்டும் ஊற்றிக் கழுவாதீர்கள், சிமெண்டு அரித்துவிடும்.

சென்னைக்கு வந்தால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவும் பாருங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த அருங்காட்சியக வளாகம், 1996 முதல் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நாலு பக்கத்து வீடுகளும் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கும்படி இருக்கின்றன. திரையில் பார்ப்பதற்கும் ஒரு முற்றத்தின் ஓரமாக அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் நிறைய.

அப்புறம் முக்கியமானது, மைக்காவையும் திரைச்சீலையையும் முதலில் எடுங்கள், பெயின்ட் கடைசி. பெயின்ட் ஆயிரக்கணக்கான ஷேடில் கலந்து தருவார்கள். பிடித்த மைக்கா பத்துக் கடை ஏறினாலும் நாலைந்துதான் தேறும்.

பெயின்ட்_வேலை:

22 வருஷமாக இதே வேலை. மேலே சொன்னது எல்லாம் சரி, செய்முறையை நான் சொல்கிறேன் சகோதரி.

உங்கள் பழைய அறை நீலமாகத் தெரிந்ததற்கு விளக்கும் ஒரு காரணம். சாம்பல் என்று விற்கிற ஷேடுகளில் பலவற்றில் அடியில் நீலமோ பச்சையோ ஊதாவோ இருக்கும், பகலில் அது அடங்கிக் கிடக்கும். நம் வீடுகளில் போடுவது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு, அது அடியிலிருக்கிற நீலத்தை மேலே தூக்கிக் காட்டும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் அதே சுவர் வேறு மாதிரி இருக்கும். அதனால் ஹாலில் என்ன விளக்கு என்று முதலில் முடிவு பண்ணுங்கள். பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருக்கும், 90க்கு மேல் கிடைத்தால் வாங்குங்கள், நிறத்தை ஒழுங்காகக் காட்டும்.

ஷேட் கார்டில் இருக்கிற விரல் அகலத் துண்டைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பிடித்த மூன்று ஷேடு மட்டும் சின்ன டப்பா வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு பெரிய சார்ட் அட்டையில் இரண்டு கை அடியுங்கள். சுற்றிலும் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டுவிடுங்கள். நேராகச் சுவரில் அடித்துப் பார்ப்பதைவிட இது நல்லது, அட்டையை ஜன்னல் பக்கத்துச் சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் மாற்றி மாற்றி ஒட்டலாம், தேக்குக் கதவு பக்கத்திலும் தரையை ஒட்டியும் வைத்துப் பார்க்கலாம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒன்று இன்னொன்றை மாற்றிக் காட்டும். காலை ஏழு, மதியம் ஒன்று, சாயங்காலம் ஐந்து, ராத்திரி எட்டு என்று இரண்டு நாளாவது பாருங்கள்.

எல்ஆர்வி என்று ஒரு எண்ணும் ஷேடுக்கு உண்டு, வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்ற கணக்கு, சுத்தக் கறுப்புக்குப் பூஜ்யம், சுத்த வெள்ளைக்கு நூறு. உங்கள் மாதிரி மேற்கு வெயில் அடிக்கிற ஹாலுக்கு 55, 60 பக்கம் இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும், இது என் அனுபவம். வெளிச்சம் வராத நடைக்கு 70க்கு மேல் போங்கள்.

அடர்ந்த நிறம் ஆசைப்பட்டால் ஒரு சுவரோடு நிறுத்துங்கள். பட்டியில் உள்ள சின்னக் கோடு கூட அதில் தெரியும், டச்சப் பண்ணினாலும் திட்டாக நிற்கும். பளபளப்பு வேண்டாம், மேட் எடுங்கள், மேற்கு வெயில் சாய்ந்து விழும்போது சுவரின் மேடு பள்ளத்தை மேட் மறைத்துவிடும். ஒரு அறைக்கு வேண்டியதை மொத்தமாக ஒரே தடவையில் வாங்கி, டப்பாக்களை ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுவருக்குச் சுவர் கொஞ்சம் மாறும். ஷேடு எண்ணை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள்.

நாற்சார்_வீடு:

வெள்ளை வேண்டும் என்கிற உங்கள் கணவருக்காக ஒரு வார்த்தை. நான் யாழ்ப்பாணம், இப்போது கொழும்பில் இருக்கிறேன். கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீடு இருக்கிறது, வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கியது, இப்போது கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உள்ளே பெரும்பாலும் வெள்ளைதான், ஆனால் கண் கூசுவதே இல்லை. ஏனென்றால் வெயில் நேராக வந்து சுவரில் விழுவதில்லை, சின்னச் சின்ன முற்றங்களுக்குள் மேலிருந்து இறங்கி, செடியில் பட்டு, பிறகுதான் அறைக்கு வருகிறது. நடந்து போகும்போது ஓரிடம் இருட்டு, அடுத்த இடம் வெளிச்சம். அந்த வெள்ளையில் ஒரு பழைய மரத் தூண், ஒரு கதிரை, ஒரு பாத்திக் சாயத் துணி, எதை வைத்தாலும் கண் அதில் போய் நிற்கும்.

எங்கள் ஊர் நாற்சார் வீடும் அப்படித்தான் இருந்தது. சுண்ணாம்புச் சுவர், சிவப்புச் சீமெந்துத் தரை, நடுவே முற்றம். மத்தியானத்தில் விறாந்தையில் படுத்தால் முற்றத்து மணலில் பட்ட வெளிச்சம் கூரையில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். வெள்ளை என்றால் எனக்கு ஞாபகம் வருவது அதுதான், ஆஸ்பத்திரி ஞாபகம் வராது.

ஆகவே சகோதரி, வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே நிறுத்த முடியுமா என்று பாருங்கள். ஒரு பந்தல் கொடி, மூங்கில் தட்டி, கதர்த் திரை ஏதாவது. அதைச் செய்துவிட்டு வெள்ளையைப் பரிசீலியுங்கள். சுத்த வெள்ளை வேண்டாம், ஐவரித் தரை அதன் பக்கத்தில் அழுக்காகத் தெரியும், மோர் நிறம் போதும்.

கண்டாங்கி:

மோர் நிறம் என்று சொன்னது சரியான வார்த்தை. ஐவரித் தரைக்கு நீல வெள்ளை வேண்டவே வேண்டாம் என்பதில் நானும் உங்களோடுதான். ஆனால் மூன்று மணி வெயிலை ஒரு தட்டி மட்டும் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம்தான், அட்டையை ஒட்டிப் பார்த்துவிடட்டும்.

வயலூர்_ரோடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாலு நாளாக இதே வேலையாக இருந்தேன், என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

புடவைகளை விரித்தபோது எனக்கே தெரியாத ஒன்று தெரிந்தது. ஏழில் நாலு பச்சை. அதிலும் கண்ணைப் பறிக்கிற பச்சை இல்லை, காய்ந்த வேப்பிலை மாதிரி, உள்ளே சாம்பல் ஓடுகிற பச்சை. நான் சேர்த்து வைத்த நானூறு படத்திலும் சுவரில் அந்தப் பச்சை ஒன்றுகூட இல்லை. அம்மா எனக்குத் தலை தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த புடவையும் அந்த நிறம்தான், மாம்பழ மஞ்சள் கரை.

அட்டை மூன்று செய்தேன். மாமியார் கேட்ட மஞ்சள், கணவருக்கு மோர் வெள்ளை, எனக்கு அந்த வேப்பிலைப் பச்சையில் நன்றாக வெளுத்த ஒன்று. மஞ்சள் காலையில் அவ்வளவு அழகு, ஐந்து மணிக்கு ஆரஞ்சாகிவிட்டது, மாமியாரே வந்து பார்த்து இது வேண்டாம்மா என்று சொல்லிவிட்டார்கள். மோர் வெள்ளை மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் கூசியது, ஆனால் அதே அட்டை நடையிலும் சமையலறையிலும் நன்றாக இருந்தது. பச்சை நாலு வேளையும் பச்சையாகவே இருந்தது, தேக்குக் கதவு பக்கத்தில் வைத்தபோது மரமே இன்னும் செம்மையாகத் தெரிந்தது.

கணவர் 3000 கெல்வின் பல்பு ஒன்று வாங்கி வந்து வெறும் ஹோல்டரில் மாட்டி ராத்திரியும் பார்த்தோம். நீலம் வரவில்லை.

அதனால் ஹால் மூன்று சுவர் பச்சை, ஜன்னல் இருக்கிற சுவரும் நடையும் சமையலறையும் மோர் வெள்ளை. மஞ்சள் பூஜை அறைக்கு, அது கிழக்கு. மாமியாருக்கு அதில் ரொம்பத் திருப்தி. ஜன்னலுக்கு வெளியே தட்டியும் கட்டப் போகிறோம்.

பெயின்டர் வியாழக்கிழமை வருகிறார். நாளைக்கு அந்தப் பச்சை அட்டையை எடுத்துக்கொண்டு மைக்கா கடைக்குப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி, அலமாரிக்குத் தேக்கு நிறத்திலேயே மைக்கா எடுக்கவா, கதவு மரத்தோடு சரியாக ஒட்டாமல் போலியாகத் தெரியுமா?

பெயின்ட்_வேலை:

போலியாகத்தான் தெரியும். நிஜத் தேக்கு பக்கத்தில் தேக்கு மைக்கா எடுபடாது. மோர் வெள்ளையிலேயே மேட் மைக்கா எடுங்கள், கைப்பிடி மட்டும் பித்தளை. அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள், கடை விளக்கில் பார்க்காமல் மைக்காத் துண்டை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் வைத்துப் பாருங்கள்.