1943 ரஷ்ய ஸ்கோப் என்கிறார்கள், பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?

வெள்ளிச்சந்தை:

எல்லோருக்கும் வணக்கம். குரோம்பேட்டையில் இருக்கிறேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு மாதம் இரண்டு முறையாவது போய்விடுவேன். பழைய கேமரா, ரேடியோ வால்வு, வேலை செய்யாத கடிகாரம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் திட்டு வாங்குவது வழக்கம். போன வாரம் தெரிந்த கடைக்காரர் ஒருவர், "சார், இதை உங்களுக்காகவே எடுத்து வைத்தேன்" என்று பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்த ஒன்றைப் பிரித்துக் காட்டினார். துப்பாக்கி ஸ்கோப், அதாவது தூரத்து இலக்கைப் பெரிதாக்கிக் காட்டிக் குறிபார்க்க உதவும் குழாய். ரஷ்ய பி.யூ. ஸ்கோப்பாம், மோசின் நாகன்ட் என்ற ரஷ்ய ராணுவத் துப்பாக்கியில் இருந்ததாம். மேலே நட்சத்திரம், 1943 என்ற எண், கூடவே கேன்வாஸ் தோல் மூடி. 18,000 ரூபாய் சொல்கிறார், பேசினால் 15க்கு இறங்குவார்.

என்னிடம் இருப்பது ஸ்பிரிங்கால் காற்றை அழுத்திச் சுடும் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள் (ஸ்பிரிங் கன்) ஒன்றுதான். அதற்கு அந்தக் காலத்து முகம் கொடுக்கலாமே என்று ரொம்ப நாளாக ஆசை. இதே உருவத்தில் புதிதாகச் செய்த ஸ்கோப்புகள் வெளிநாட்டில் விற்கிறார்கள் என்றும் தெரியும். அதனால் இரண்டு கேள்வி. இது நிஜமாகவே 1943 சரக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புதுசு என்றால், அதை என் ஸ்பிரிங் கன்னில் மாட்டலாமா?

மொட்டைமாடி மெக்கானிக்:

முதல் கேள்விக்கு ஒரு ட்யூப்லைட் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை போகும்போது பக்கத்து டீக்கடைக்குள் எடுத்துப் போய், எரியும் ட்யூப்லைட்டின் பிம்பம் முன் லென்ஸில் விழும்படி பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். போர்க்காலக் கண்ணாடி என்றால் ஒன்று பூச்சே இருக்காது, பிம்பம் வெள்ளையாகப் பளிச்சென்று விழும். இல்லையென்றால் ஒற்றை அடுக்குப் பூச்சு, நீலமோ ஊதாவோ அடிக்கும். லென்ஸில் பூச்சு போட்டுப் பிரதிபலிப்பைக் குறைக்கும் வித்தையை ஜெர்மனியில் ஜைஸ் கம்பெனியின் ஸ்மாகுலா 1935இல்தான் காப்புரிமை செய்தார், எல்லா நாட்டு ஸ்கோப்புக்கும் அது உடனே வந்துவிடவில்லை. பிம்பம் பச்சையாகத் தெரிந்தால் பல அடுக்குப் பூச்சு, அது பிற்காலத்து வேலை. அப்படிப் பச்சை அடித்தால் 1943 என்ற பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

அப்புறம் இன்னொன்று. கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே மேலே இருக்கும் வட்டைத் திருகுங்கள். உண்மையான பி.யூ.வில் உள்ளே இருக்கும் குறிமுள்ளே நகரும், அதாவது வட்டத்தின் நடுவில் இருந்து மேலேயோ கீழேயோ போகும். இன்றைய ஸ்கோப்பில் உள்குழாயே சாய்வதால், நீங்கள் எவ்வளவு திருகினாலும் குறி நடுவிலேயே நிற்கும், காட்சிதான் நகரும். குறி நடுவிலேயே நின்றால் உள்ளே இருப்பது புது மெஷின், வெளியே மட்டும் பழைய சட்டை. ஆனால் ஒன்று, குறி நகர்ந்தால் பழசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நன்றாகச் செய்யும் ஆட்கள் இந்தக் குணத்தையும் சேர்த்தே நகல் எடுக்கிறார்கள்.

தூசுதட்டி:

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், 15,000 மிச்சமாகும்.

ஈ.சி.ஆர். பக்கம் ஒரு கடையில் பித்தளை டெலஸ்கோப் வாங்கினேன். "கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917" என்று அழகாகப் பொறித்திருந்தது, மரப்பெட்டி வேறு. ஹாலில் வைத்து, வருகிற சொந்தக்காரர்களிடம் எல்லாம் முதல் உலகப்போர் கப்பலில் இருந்தது என்று ஆறு மாதம் கதை சொன்னேன், மாமனார் ஒருவர்தான் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்தார். பிறகுதான் படித்தேன். கெல்வின் கம்பெனியும் ஹியூஸ் கம்பெனியும் சேர்ந்து அந்தப் பெயருக்கு வந்ததே 1940களில்தான். 1917இல் அப்படி ஒரு கம்பெனியே கிடையாது! நம் நாட்டுப் பட்டறையில் புதிதாக வார்த்து, பளபளப்பு போக அமிலத்தில் முக்கி எடுத்த சரக்கு. ரோஸ் லண்டன் என்று பொறித்து விற்பவற்றில் பலவும் இதே குடும்பம்தான்.

ஆண்டும் நட்சத்திரமும் பெரிதாக, ஆழமாக, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தால் எனக்கு இப்போதெல்லாம் உடனே சந்தேகம் வந்துவிடுகிறது. போர் நடக்கும்போது ஸ்கோப் செய்தவர்கள் வரிசை எண், ஆண்டு, தொழிற்சாலைக் குறி என்று சாதாரணமாகப் போட்டுவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்திருப்பார்கள். ஜெர்மன்காரர்கள் பெயரைக்கூடப் போடவில்லை, மூன்று எழுத்துதான். சி.எக்ஸ்.என். என்றால் ராதேனாவ் ஊரின் எமில் புஷ், பி.எம்.ஜே. என்றால் வெட்ஸ்லாரின் ஹென்சோல்ட், டி.டி.எக்ஸ். என்றால் ஃபோய்க்ட்லெண்டர். நகல் செய்கிறவர்களும் இதைப் படித்து வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பழைய சுபேதார்:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் நகல் என்றாலே போலி என்று பேச்சு போகிறது, அது சரியில்லை. நகல் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான பொருள். அமெரிக்காவில் ஹை-லக்ஸ் என்று ஒரு கம்பெனி தன் பெயரைப் போட்டே எம்82 நகல் செய்கிறது. எம்1 கராண்ட் என்ற அமெரிக்க ராணுவத் துப்பாக்கியின் குறிசுடும் வகைக்கான, 2.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் அது. 1855இல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோப் செய்ய ஆரம்பித்த வில்லியம் மால்கம் பெயரில், அந்தக் காலத்து நீளக் குழாய் ஸ்கோப்புகளும் செய்கிறார்கள். பழைய துப்பாக்கியை வைத்துப் போட்டியில் சுடுகிறவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். எண்பது வயதுக் கண்ணாடியை மறுபடி மறுபடி உதை வாங்கவிட யாருக்கும் மனசு வராது, பழைய லென்ஸ்களை ஒட்ட வைத்திருக்கும் கனடா பால்சம் பிசினும் விட்டுக்கொண்டே வரும்.

ஆனால் உங்கள் ஸ்பிரிங் கன்னில் மாட்டலாமா என்றால், வேண்டாம். காரணம் சொல்கிறேன். தோட்டா வெடிக்கிற துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும், ஸ்கோப்பை அந்த ஒரு திசைக்குத்தான் கட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் கன்னில் கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும், பிஸ்டன் முனையில் போய் இடித்ததும் துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் இழுக்கும். இரண்டு பக்கமும் அடி. விலை கூடிய ஸ்கோப்பே இதில் லென்ஸ் வளையம் லூசாகி, குறுக்குக் கம்பி அறுந்து போயிருக்கிறது. அதனால்தான் ஏர்கன் ஸ்கோப் என்று தனியாக விற்கிறார்கள். அதிலும் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் மவுண்ட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்பு முள் இல்லையென்றால், ஐம்பது பெல்லட் சுடுவதற்குள் ஸ்கோப் மெதுவாகப் பின்னால் நகர்ந்து உங்கள் புருவத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று பாரலாக்ஸ். துப்பாக்கி ஸ்கோப்பைப் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்து வைப்பார்கள். நீங்கள் சுடுவது 10 மீட்டரோ 20 மீட்டரோ. அந்தத் தூரத்தில் கண்ணைக் கொஞ்சம் அசைத்தாலும் குறி இலக்கின் மேல் நழுவும். பி.யூ. வெறும் 3.5 மடங்கு என்பதால் காட்சி மங்குவது பெரிதாகத் தெரியாது, குறி நழுவுவது நிச்சயம் தெரியும். அதன் மேல் வட்டில் 13 வரை எண் இருக்கும், 1300 மீட்டர் என்று அர்த்தம். பெல்லட்டுக்கு அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்!

நான் சர்வீஸில் இருந்தபோது டிராகுநோவ் என்ற ரஷ்யத் துப்பாக்கியோடு வரும் பி.எஸ்.ஓ.-1 ஸ்கோப் பார்த்திருக்கிறேன். 4 மடங்கு, நைட்ரஜன் அடைத்து மூடியது, மழைக்காலத்திலும் உள்ளே பனி படியாது. பழைய பி.யூ.வில் அந்த வசதி கிடையாது. சென்னையில் அது எப்படி நிலைக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

மொட்டைமாடி மெக்கானிக்:

சுபேதார் ஐயா சொன்ன கடைசி வரியை நான் இழுத்துப் பிடிக்கிறேன், ஏனென்றால் இங்கே நிறைய பேர் ஸ்கோப்பை இழப்பது பூஞ்சையால்தான். மார்கழியில் மிருதங்கக்காரர் தோலுக்குக் கவலைப்படுவதுபோல ஐப்பசி கார்த்திகையில் நான் கண்ணாடிக்குக் கவலைப்படுவேன். லென்ஸின் ஓரத்தில் சிலந்திவலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. சீக்கிரம் துடைத்தால் போகும், விட்டுவைத்தால் பூச்சையும் கண்ணாடியையும் அரித்து நிரந்தரத் தழும்பு விட்டுவிடும். கூடக் கொடுக்கிற கேன்வாஸ் தோல் மூடி பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவுதான். மூடியைத் தனியாக ஆணியில் மாட்டி ரசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மவுண்ட். ஸ்கோப் வாங்குகிறவர்கள் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஏர் ரைஃபிளில் மவுண்ட் பூட்ட இருப்பது 11 மி.மீ. டவ்டெய்ல் பள்ளம், ஸ்கோப் குழாயைப் பிடிக்கக் கடையில் கிடைக்கும் வளையம் 25.4 அல்லது 30 மி.மீ. பழைய ஸ்கோப் எல்லாம் அதற்கு அடங்காது. ஜெர்மன் ஸ்கோப்பில் 26 மி.மீ. உண்டு, பழைய அமெரிக்க வீவர் ஸ்கோப்பில் முக்கால் அங்குலம், எம்82இல் எட்டில் ஏழு பங்கு அங்குலம். பி.யூ.வோ மோசினில் இடப்பக்கம் திருகிய தகட்டில்தான் உட்காரும். அதற்காக நேராக நீட்டிக்கொண்டிருந்த போல்ட் கைப்பிடியையே கீழே வளைத்தார்கள், ஸ்கோப் மேலே மறைப்பதால் ஐந்து தோட்டாவை ஒரே தள்ளில் போடும் கிளிப்பும் பயன்படாமல் போனது. அந்தத் துப்பாக்கியே தன் ஸ்கோப்புக்கு அவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறது, உங்கள் ஏர் ரைஃபிள் எங்கே போகும்?

வெள்ளிச்சந்தை:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டீக்கடை ட்யூப்லைட்டில் பிடித்தால் பச்சை. சும்மா லேசாக இல்லை, வாழையிலைப் பச்சை. வட்டைத் திருகினேன், குறி நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. வெர்னியர் கொண்டு போயிருந்தேன், குழாய் சரியாக 25.4. கூடவே சமையலறைத் தராசில் நிறுத்தேன், 400 கிராமைத் தாண்டியது. பி.யூ. 270 கிராம் என்று படித்திருக்கிறேன், நீளமும் 169 மி.மீ.தான், இது ஒரு விரற்கடை அதிகம்.

கடைக்காரரிடம் நாசூக்காகச் சொன்னேன். கோபப்படவில்லை. "எனக்கும் ஒருத்தர் இப்படித்தான் சொல்லி விற்றார் சார்" என்றார். நம்பலாமா என்று தெரியவில்லை, ஆனால் அவர் முகம் விழுந்துவிட்டது. நான் கிளம்பும்போது அவரே கூப்பிட்டு, "நகல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 2,500 கொடுங்கள்" என்றார். வாங்கிவிட்டேன். திட்டாதீர்கள். காட்சி நிஜமாகவே தெளிவாக இருக்கிறது, கூர்முனைத் தூண், இரண்டு பக்கமும் கிடைக்கம்பி, பழைய படத்தில் பார்த்த அதே முகம்.

ரைஃபிளில் மாட்டப் போவதில்லை. அதற்கு ஒரு சாதாரண ஏர்கன் ஸ்கோப் தனியாக வாங்கிக்கொள்கிறேன். இதை என் பையன் எடுத்துக்கொண்டான், சாயங்காலம் மாடியில் நின்று மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்களைப் பார்க்கிறான், வாலில் இருக்கும் எழுத்து வரை தெரிகிறதாம்.

தூசுதட்டி:

2,500க்கு மோசமில்லை. அந்த நட்சத்திரத்தையும் 1943ஐயும் மட்டும் யாரிடமும் நிஜம் என்று சொல்லிவிடாதீர்கள், என் மாமனார் மாதிரி ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார்.

பழைய சுபேதார்:

தம்பி, எல்லாம் சரி. விமான நிலையத்துக்குப் பக்கத்து மாடியில், இறங்குகிற விமானத்தைப் பார்த்து துப்பாக்கி ஸ்கோப் பிடிக்கிற பையனா? எதிர் வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் போடுவதற்குள் அவனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். இன்றைக்கே.

வெள்ளிச்சந்தை:

ஐயா, இது என் மண்டையில் ஏறவே இல்லை. இப்போதே கீழே கூப்பிடுகிறேன்.